அது எலிக்குத்தாண்ணே

அண்ணே,

வருகிற வெள்ளிக்கிழமை உன் முதல் வருடத் திதி. படையலுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று அண்ணி நேற்றே சொல்லிவிட்டார். பினாங்கு ஜெலுத்தோங் வீடு நிறைய ஆள் இருக்கும். அங்கே எனக்குப் பேச்சு வராது என்பதால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று நீ கோபப்பட முடியாது. என்னைப் பற்றிக் காப்பிக் கடை முழுக்கச் சொல்லி வைத்தவன் நீ.

"என் தங்கச்சி கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறா." உனக்கு நோய் வருவதற்கு முன்பே இதைச் சொல்லித் திரிந்தாய். சேற்றிலிருந்து, காந்தத்துக்குத் திரும்புகிற பாக்டீரியாவைப் பிரித்து வளர்க்கிற வேலைதான் என்னுடையது என்று எத்தனை முறை சொன்னேன்! எங்கள் கண்ணாடிக் குடுவையில் ஒரு லிட்டர் வளர்த்தால் கிடைப்பது சில மில்லிகிராம் கறுப்புக் காந்தத் தூள். இன்றும் அந்தக் கடையில், "மருந்து எப்பம்மா வரும்?" என்று கேட்கிறார்கள். நான் அந்தச் சாலை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த இரவை விட முடியவில்லை. புலாவ் பெத்தோங் கடலோரத்தில் முழங்கால் வரை இறங்கி ஊறுகாய் போத்தலில் சேறு அள்ளி வந்தோம். மூடியை இறுக்காமல் உன் பட்டறை மூலையில் இருட்டாகப் பார்த்து மூன்று வாரம் வைத்திருந்தோம். நாற்றம் தாங்காமல் அண்ணி திட்டினார். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து வளையக் காந்தத்தைக் கழற்றி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாய். சேற்றை ஒட்டிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, மெல்லிய கண்ணாடித் துண்டில் விட்டு, கவிழ்த்து, இரவல் வாங்கிய நுண்ணோக்கியில் வைத்தேன். நீ காந்தத்தைப் பக்கத்தில் பிடித்தாய். பாக்டீரியா எல்லாம் உன் பக்கம் ஓடி வரும் என்றுதான் எதிர்பார்த்தாய். பாதி இந்த ஓரத்துக்கு வந்தது, பாதி எதிர் ஓரத்துக்குப் போனது. இரண்டு விளிம்பிலும் கூட்டமாக முட்டிக்கொண்டு துடித்தன. காந்தத்தைப் புரட்டினாய். இரண்டு கூட்டமும் நடுவில் ஒன்றையொன்று கடந்து இடம் மாறின.

"என்ன பாப்பா, இதுங்களும் ரெண்டு கட்சியா?"

உனக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள இரும்பை எடுத்து, உடம்புக்குள்ளேயே காந்தப் படிகங்களைச் செய்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் 35 முதல் 120 நானோமீட்டர். ஒவ்வொரு படிகத்தையும் ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கும். அதெல்லாம் சங்கிலியாகக் கோத்து நிற்பதால் உடம்பே திசைகாட்டி முள் ஆகிவிடுகிறது. காந்தம் அவற்றை இழுப்பதில்லை, திசை திருப்பிவிடும், நீந்துவது அவையேதான். ஐரோப்பாவில் பூமியின் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கிச் சரிந்து கீழே இறங்குகின்றன. வடக்கே போனால் அவற்றுக்குப் பிடித்த, ஆக்சிஜன் குறைந்த சேறு கிடைக்கும். தென்பாதியில் தெற்கே போக வேண்டும். பூமத்திய ரேகைப் பக்கத்தில் அந்தக் கோடுகள் கிட்டத்தட்ட படுத்துக் கிடப்பதால் இரண்டு வகையும் கலந்து வாழ்கின்றன.

இத்தாலியின் பாவியா நகரத்து பெல்லினி கதையையும் அன்றுதான் சொன்னேன். 1963லேயே இதைப் பார்த்து எழுதியும் வைத்தார், அது வெளியே வரவில்லை. 1975இல் அமெரிக்காவில் பிளேக்மோர் இன்னொரு சேற்றில் பார்த்து எழுதியதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அந்தாளுக்குப் பேரே கிடைக்கலையா?" என்றாய். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் யாரை நினைத்துக் கேட்டான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூலம் என்று சொல்லிக் கடை மருந்து சாப்பிட்ட எட்டு மாதங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அண்ணி படிப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற தங்கையிடமே மறைத்தாயே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த ஞாயிற்றுக்கிழமை, படுத்துக்கொண்டே கேட்டாய். "பாப்பா, உன் பூச்சி எனக்கு ஏதாச்சும் செய்யுமா?"

2016இல் மொன்றியலில் செய்த ஆய்வு எனக்கு மனப்பாடம். கட்டியின் உட்பகுதியில் ரத்தக் குழாய் போதாது, ஆக்சிஜன் இருக்காது, மருந்தும் எட்டாது. ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தேடிப் போகிற இந்தக் கிருமிகளின் மேல் மருந்து நிரப்பிய நுண்பைகளை ஒட்டி, காந்தத்தால் வழிநடத்தினார்கள். அந்தக் கிருமிகளில் அதிகபட்சம் 55 விழுக்காடு உள்ளே போய்ச் சேர்ந்தது. எலியில் வளர்த்த மனிதப் பெருங்குடல் கட்டி. உன் நோயேதான். அதனால்தான் வாயைத் திறக்கப் பயந்தேன். ஒரு வார்த்தை கூடச் சொன்னாலும் நீ அதைப் பிடித்துக்கொள்வாய்.

"அது எலிக்குத்தாண்ணே" என்றேன். பட்டர்வொர்த் பெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். நேரம் ஆகியிருக்கவில்லை.

சொன்னது பொய்யில்லை, அண்ணே. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று பெரியம்மா இன்றும் சொல்கிறார். அப்படியில்லை. எழுந்து போனதற்குத்தான் மன்னிப்பு கேட்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. ஜெர்மன் ஆற்றுச் சேற்றில் கண்டெடுத்த வகை ஒன்றை நாங்கள் வளர்த்து வந்தோம். கவனிக்காமல் வைத்துவிட்டால் காந்தத்துக்கான மரபணுக்களையே அது உதிர்த்துவிடும். ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்த வாரங்களில் அதுதான் நடந்தது. கறுப்பாகப் படிய வேண்டியது வெளுத்துப் படிந்தது. இரண்டு வருட உழைப்பு. அன்று மாலை உனக்குக் கஞ்சி கொடுக்கும்போது கிண்ணத்தை ஓசைப்பட வைத்தேன். காரணம் அதுதான். நீ ஒன்றும் கேட்காமல் குடித்தாய்.

போன சனிக்கிழமை உன் மகன் அந்த வளையக் காந்தத்தோடு பட்டர்வொர்த் வந்தான். புலாவ் பெத்தோங் போத்தலிலிருந்து ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். "அத்தை, இது அப்பாவுக்கு உதவியிருக்குமா?" என்றான். இல்லை என்றேன். கூடவே மொன்றியலையும் சொன்னேன், 55 விழுக்காட்டையும் சொன்னேன். அழுதான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்ப லென்ஸில் கண்ணை வைத்தான். பெரும்பாலானவை நீந்துவதை நிறுத்திவிட்டிருந்தன. அவன் காந்தத்தைத் திருப்பத் திருப்ப, அவையும் திரும்பிக்கொண்டிருந்தன.

பாப்பா