பையில் பார்த்த மாத்திரை அட்டை

அன்புக் கண்ணுக்கு,

பொங்கல் முடிந்து பெங்களூரு திரும்பிய நாளிலிருந்து நீ எங்களோடு நின்று நிதானமாகப் பேசவில்லை. வேலை மிகுதி என்று உன் அம்மா சொல்கிறாள். நீ புறப்பட்ட அன்று காலையில் சார்ஜரை எடுத்துவரச் சொன்னாய் அல்லவா, அப்போது உன் பையின் ஓரத்தில் மூன்று மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். இரண்டு காலியாக இருந்தன, மூன்றாவதில் நான்கு மாத்திரைகள் மீந்திருந்தன. சத்தியமங்கலம் பேருந்து நிலையம் வரை உன்னை வண்டியில் அழைத்துவந்தும் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலைவலியா, மாதாந்திர வயிற்றுவலியா என்று அப்பா கேட்பது முறையாக இருக்குமா என்று கூசினேன்.

அட்டையின் பின்புறம் டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று எழுதியிருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்தைக் கடைகளில் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நம் குடும்பத்தில் முதலில் பொறியியல் படித்தவள் நீ என்று ஊரில் சொல்லிப் பெருமைப்படுகிறவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்திருக்கக் கூடாதா?

வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை உடல் சுரக்காமல் தடுத்துத்தான் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வலியை அடக்குகின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்காமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். அதனால் வெறும் வயிற்றில் போடாதே, தண்ணீர் குடிக்காமல் போடாதே. சாதாரண வலிமாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், தலைவலிக்காரர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கிவிடலாம். வலிக்கிறது என்று மேலும் போடுவோம், மேலும் வலிக்கும்.

தலைபாரமாக இருந்தால் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வேது பிடி. சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடு, எரிந்தால் உடனே கழுவிவிடு. முதுகுக்கும் கழுத்துக்கும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள். வயிற்றுவலி என்றால் வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துப் படுத்துக்கொள்; அந்தச் சூடும் சுக்குத்தூளும் மாதவிலக்கு வலியைக் குறைப்பதாக ஆய்வுகளே சொல்கின்றன. உளுந்தங்களியை உன் அம்மா பக்குவமாகச் சொல்லித் தருவாள். இவை எல்லாம் மாத்திரை போல அரை மணி நேரத்தில் கேட்காது. பொறுமையும் படுக்க ஓர் இடமும் வேண்டும், அந்த ஊரில் உனக்கு அவை கிடைக்கின்றனவா என்பதுதான் என் கவலை. இலை, வேர் என்பதாலேயே கெடுதல் செய்யாது என்றும் எண்ணிவிடாதே. ஆஸ்பிரின் என்ற வலிமாத்திரைக்கே மூலம் வில்லோ மரப்பட்டையில் உள்ள சாலிசின்தான். திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பார்வை மங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போ. மாத்திரை போட்டே ஆகவேண்டுமென்றால் வெறும் வயிற்றில் மட்டும் போடாதே கண்ணு.

நான் கால்நடைத் துறையில் இருந்தபோது, மடிவீக்கம், கால்வீக்கம் என்று வந்த மாடுகளுக்கு இதே டைக்ளோஃபெனாக்கை எத்தனையோ முறை ஊசியாகப் போட்டிருக்கிறேன். அப்படி மருந்து ஏறிய மாடு செத்தால் அதைத் தின்ற பாறுகளுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்து அவை சாகின்றன என்பதை 2004-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டிருந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளைச் சிறுவயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். ஊசியை நிறுத்திவிட்டோம் என்று அன்று பெருமையாகவும் சொன்னேன்.

அதே ஆண்டுகளில் உன் ஆத்தாவின் முழங்கால் வலிக்கு நான் தினமும் கொடுத்துவந்தது அதே மருந்துதான். வாதநாராயணன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, முடக்கறுத்தான் தோசை சுட்டுத் தின்று ஆத்தா சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். பழைய பழக்கம் என்று சொல்லி அதை நிறுத்தியவன் நான். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதையும் சேர்த்துத் தருவது சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு என்று யாரையும் கேட்கவில்லை. மருந்து தெரிந்தவன் என்ற எண்ணம் எனக்கு. நான்காம் வருடம் கால் வீங்கியது. இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தபோது, சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு எட்டைத் தாண்டியிருந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். உன் அத்தை இன்றும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, எத்தனை வருடமாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

நொச்சியை நிழலில் உலர்த்தி, சுக்கோடு சேர்த்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இந்த வாரமே கிரியேட்டினின் பரிசோதனை செய்து, தாளைப் படமெடுத்து அனுப்பு. வலி எங்கே, எப்போது வருகிறது என்பதை என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா