பஜ்ஜித் தட்டும் ஒரு 'சரி'யும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே வேலை வாங்கும் கம்பெனிகள், ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களை விமானம் ஏற்றி ஓரிடத்தில் கூட்டுவது வெட்டிச் செலவு என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமாட்டிக் கம்பெனி, ஆள் வராமல் கிடந்த சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தை 2017இல் மூடியது. ஆனால் ஊழியர்களை நேரில் கூட்டும் 'கிராண்ட் மீட்டப்' நடத்தத் தயங்கவில்லை. அலுவலகம் இல்லையென்றால் வாடகை, கரண்ட் பில், கேன்டீன் எல்லாம் மிச்சம்தானே? அந்தக் காசில் ஒருமுறை கூட்டினால் என்ன?

நானும் கோவையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். சக ஊழியர் ஒருவர் எதைக் கேட்டாலும் 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புவார். என்மேல் ஏதோ கோபம் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். கம்பெனி எங்களை ஏற்காட்டில் கூட்டியபோது அவரை நேரில் சந்தித்தேன்; சூடான பஜ்ஜியைப் பிய்த்து என் தட்டில் பாதி வைத்துவிட்டு விடாமல் பேசினார். மனுஷருக்கு டைப் அடிப்பதுதான் ஆகாதாம்! இப்போது அந்த 'சரி' வந்தால் சிரிப்புதான் வருகிறது.

ஒன்றே ஒன்று: சந்திப்பைச் சனி, ஞாயிறில் வைத்து எங்கள் லீவைப் பிடுங்காதீர்கள். கைக்குழந்தையோடு இருப்பவர் வராவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். அப்புறம், அந்தக் கயிறு இழுக்கும் போட்டி வேண்டவே வேண்டாம்.

- வாசகி, கோவை