வெட்டும் முன் மாட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் இரண்டு யோசனைகள் வண்டியைக் கெடுத்துவிடும். இற்றுப்போன மட்காடை வெட்டிப் போட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் புதியதை மாட்டினால் போதும் என்பது ஒன்று. புதிய தகடு கறுப்பு பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தே வருவதால் நேராகப் பெயிண்ட் அடிக்கலாம் என்பது மற்றொன்று. தோட்டத்துச் சாளையில் சாக்குப் போர்த்தி நிறுத்திய அம்பாசடரையும் ஃபியட்டையும் வெளியே இழுக்கிற ஆசை இப்போது நம் பக்கம் பலருக்கு வந்திருக்கிறது. கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் ஆசை இன்னும் கூடும். அவர்கள் இந்தக் கட்டுரையை நம்பி, தகடு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறோம்.

கடையில் கிடைக்கும் லோக்கல் தகடு ஏன் அப்படியே பொருந்துவதில்லை? கம்பெனியில் மட்காடு அடிப்பது கனமான இரும்பு அச்சான டையில். லோக்கல் தகடுகளில் பல, யாரோ கழற்றிப் போட்ட பழைய மட்காடு ஒன்றைப் பார்த்து அச்சு எடுத்தவை. அந்த மட்காடு ஏற்கெனவே இடிபட்டு நிமிர்த்தியதாக இருந்தால் அதன் கோணலும் சேர்ந்தே அச்சில் ஏறிவிடும். அழுத்தியதும் தகடு கொஞ்சம் திரும்ப எழும். அச்சு வலுவில்லை என்றால் அந்த எழுச்சியைச் சரிக்கட்ட முடியாது. அதனால்தான் லோக்கல் தகட்டில் மடிப்புக் கோடுகள் கூர்மையாக விழாமல் மழுங்கி இருக்கும். போல்ட் போடும் உள்மடிப்பும் சில இடங்களில் குட்டையாக இருக்கும். கனத்தையும் பார்க்க வேண்டும். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 20 கேஜ் தகடு 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7 மி.மீ. விலையைக் குறைக்க 22 கேஜில் அடித்தது கையால் அழுத்தினாலே டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். கடைக்குப் போகும்போது கனம் அளக்க ஒரு வெர்னியரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வண்டி, எந்த மார்க் (மாடல் வரிசை) என்று சொல்லாமல் வாங்கவும் கூடாது. அம்பாசடரின் முகப்பு மார்க்குக்கு மார்க் மாறியிருக்கிறது.

கட்டுரையின் பெரிய பிழை வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. பழைய தகடு எவ்வளவு இற்றிருந்தாலும் அதுதான் உங்கள் அளவுகோல். கோடு எங்கே ஓடுகிறது, கதவு விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி நிற்கிறது, துளைகள் எங்கே என்பதையெல்லாம் அது ஒன்றுதான் சொல்லும். வெட்டிவிட்டால் கேட்க ஆளில்லை. முதலில் படம் எடுங்கள், அட்டையில் வளைவை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், துளைக்குத் துளை அளந்து சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். புதுத் தகட்டைப் பழையதன் மேல் வைத்துப் பார்த்து, எங்கே மிச்சம், எங்கே பற்றாக்குறை என்று குறித்த பிறகுதான் கிரைண்டர்.

சில் என்கிற கதவடித் தகட்டில் இந்த வரிசை தவறினால் வண்டியே கோணலாகிவிடும். அம்பாசடருக்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸ். முன்னையும் பின்னையும் இழுத்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடுதான். வண்டியை நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு சில்லை வெட்டினால் மூக்கும் வாலும் தொங்கும், கதவு வாய் மேலே விரியும். முன்னையும் பின்னையும் மட்டும் தாங்கி நடுவைச் சும்மா விட்டால் நடு தொய்ந்து மேல்வாய் குறுகும். எந்த நிலையில் வெல்டு வைக்கிறீர்களோ அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும். பிறகு கீலை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கதவு சரியாக அடையாது.

எனவே வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும். சக்கர அச்சைக் கழற்றியிருந்தால் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் ஸ்டாண்டு கொடுங்கள். ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையில், கதவு மூடுவதற்கு இடம் விட்டு உள்பக்கமாகப் பிடிக்க வையுங்கள். கதவு வாயின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். புது சில்லை ஸ்குரூவில் பிடித்து, கதவை மாட்டி, மூடிப் பார்த்து, இடைவெளியை ஒத்துக்கொண்ட பிறகு வெல்டிங். இடைவெளி பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், 4 மி.மீ. டிரில் பிட்டின் தண்டு போதும். மேலிருந்து கீழ்வரை அது ஒரே பிடிமானத்தில் வழுக்கிப் போக வேண்டும். மேலே தாராளமாகப் போய்க் கீழே இறுகினால் தூண் சாய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த கீலின் ஆணியை மாற்றாமல் இடைவெளி பார்ப்பது வீண் வேலை. கதவு ரப்பரையும் ஒருமுறை மாட்டி மூடிப் பார்த்துவிடுங்கள். இப்போது வரும் ரப்பர்களில் சில தடிமனாக இருக்கின்றன. பெயிண்ட் முடிந்த பிறகு மாட்டினால் கதவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் வேறு ஜாதி. அதற்குத் தனிச் சேஸ் உண்டு, பாடி துண்டு துண்டாக போல்டில் உட்காரும். சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் தகடுகள்தான் அங்கே கதவு இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. எந்த இடத்தில் எத்தனை தகடு என்று எழுதிவைக்காமல் கழற்றுவது, கணக்கு எழுதாமல் கடன் கொடுப்பது போல.

வெல்டிங்குக்கு வருவோம். நாமக்கல்லில் லாரி பாடியும் கரூரில் பஸ் பாடியும் கட்டுகிற கைகளுக்கு நாடே வேலை கொடுக்கிறது. ஆனால் பெரும்பாலும் தட்டைத் தகடும் ஆங்கிளும் பிடித்துப் பழகிய கைக்கு, இரு பக்கமும் வளைந்த மட்காடு புதிது. நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால் தகடு அலை அலையாகிவிடும். சிஓ2 வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி, ஒரு பொட்டு வைத்து நாலு விரல் தள்ளி அடுத்த பொட்டு, பிறகு எதிர்முனை, பிறகு நடு. தானாக ஆறட்டும். ஈரச் சாக்கால் ஒற்றினால் அந்த இடம் சுருங்கி இழுக்கும். விளிம்பு மடிப்புகளில் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங்குக்குப் பதில், புதுத் தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு அதை நிரப்பலாம். ஸ்குரூ போட்ட துளைகளைப் பெரிதாக்கினால் அவையும் இதற்கே ஆகும். பழைய ரிப்பேரில் பித்தளை வைத்து கேஸ் வெல்டிங் செய்திருந்தால் அந்தப் பித்தளை முழுவதையும் அரைத்து எடுங்கள். அதன் மேல் வைக்கும் பொட்டு நுரைத்து ஓட்டையாகும், வெடிக்கும்.

அடுத்தது கறுப்பு பிரைமர். ஒரு வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து ஒரு நிமிடம் தேயுங்கள். துணி கறுப்பானால் அது பிரைமரே அல்ல, வழியில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய மை. அதன் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து, பெயிண்டும் அடித்தால் எல்லாம் சேர்ந்து ஒட்டுக்கா உரிந்து வரும். முழுவதையும் சுரண்டி வெறும் தகடாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள். துணியில் நிறம் ஏறவில்லை என்றால் 320 நம்பர் பேப்பரில் தேய்த்துவிட்டு அதன் மேலேயே எப்பாக்ஸி அடிக்கலாம். பட்டி 2 மி.மீ.க்குள் நிற்கட்டும். பொருந்தாத தகட்டைப் பொருந்தியது போலக் காட்ட 8 மி.மீ. பட்டி ஏற்றுவது நம் ஊரில் சகஜம். காந்தம் ஒட்டவில்லை என்றால் அதுதான் சங்கதி. ரோட்டின் அதிர்ச்சியில் விளிம்பில் மயிரிழை கீறல் விழும், மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கும், தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

ஃபைபர் மட்காடு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்: ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் மட்காடு வழியாகவே எர்த் எடுக்கும் வண்டியில், தனியாக ஒரு எர்த் வயர் இழுக்காவிட்டால் விளக்கு மங்கும் அல்லது எரியவே எரியாது. போல்டுக்கு அடியில் அகல வாசர் போடாவிட்டால் துளை கிழிந்துவிடும். பம்பர் குரோமில் அடியில் நிக்கல் பூச்சு கனமாக இல்லையென்றால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் முதல் மழைக்காலத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு தெரியும்.

பதிவு பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. 2021-இல் வந்த மத்திய விதித் திருத்தப்படி, முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டு கடந்த வண்டி, சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் என்று பதிவாகும். எனவே வெட்டும் முன் எடுத்த படங்கள் அங்கேயும் உதவும். சேஸ் நம்பர் பொறித்த பகுதி எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதைத் தொடவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் சில்லிலும் கதவின் அடியிலும் உள்ள தண்ணீர் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பட்டியோ சீலரோ அடைத்திருந்தால் புதுத் தகடும் பழையதன் கதிக்கே போகும். உள்ளே மெழுகுத் திரவம் அடிப்பது நல்லது. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் வேண்டாம், அது ரப்பரை ஊறவைக்கும், பிறகு அங்கே வெல்டும் பெயிண்டும் பிடிக்காது.

கறுப்பு பூச்சு பற்றிய அந்த வரிக்காவது அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை செய்யும் டிங்கர்கள், பெயிண்டர்கள் சிலர்,
பொள்ளாச்சி.