538-இல் அந்த மூன்று எங்கே?

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தலைப் படிக்கும் மாணவர்கள், மக்கள் வாக்கின்படி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையைக் காண, நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களை, பிரதிநிதிகள் சபை 435, செனட் 100 என்று கூட்டி 535-இல் நின்றுவிடுகிறார்கள். தேர்வாளர்களோ 538 பேர். மீதி மூன்றும் 1961-இல் வந்த 23-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தலைநகர் வாஷிங்டனுக்குக் கிடைத்தவை. வெற்றிக்கு 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முந்தியவருக்கே அத்தனை தேர்வாளர்களும்.

269-269 என்று சமமானால்? பாடங்கள் அவசரமாகத் தாண்டும் இடம் இதுதான். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே தலைக்கு ஒரு வாக்கு இல்லை, மாநிலத்துக்கு ஒன்று. 52 உறுப்பினர் கொண்ட கலிஃபோர்னியாவுக்கும் ஒன்றுதான், ஒற்றை உறுப்பினர் கொண்ட வயோமிங்குக்கும் ஒன்றுதான். 26 மாநிலங்கள் சேர்ந்தால் அதிபர். மாநிலமல்லாத வாஷிங்டனுக்கு அந்தச் சுற்றில் வாக்கே கிடையாது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இங்கே தடுக்கி விழுவார்கள்.

— ஒரு குடிமையியல் ஆசிரியர்