அரையாண்டு விடுமுறையும் குளிர்காலக் குறிப்பேடும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாளில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புகிறோம். அது வீட்டுப்பாட நோட்டு அன்று. அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. விடுமுறை நாட்களில் வீட்டைச் சுற்றியும் தெருவிலும் வயல் வரப்பிலும் தாம் கண்ட செடி, பூச்சி, பறவை ஆகியவற்றைத் தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு பிள்ளைகள் எழுதி வைப்பதற்கான குறிப்பேடு அது. இதை ஏன் தொடங்குகிறோம், வீட்டில் தாங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் இருந்தால் நல்லது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் நான்காம் வகுப்பில் குளிர்காலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னோம். மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், பூச்சிகள் ஒளிந்துகொள்ளும், பறவைகள் வெப்பமான நாடுகளுக்குப் பறந்துவிடும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அவர்கள் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மரமல்லி பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது, வேலியோரத் தும்பையில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவர்கள் எழுதியது தவறு என்று சொல்ல முடியாது. அது வேறொரு நாட்டின் குளிர்காலம். பறவைகள் தேடிப் போவதாக அவர்கள் எழுதிய அந்த வெப்பமான நாடு நம்முடையதுதான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எங்களை யோசிக்க வைத்தது.

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அதனால் நம் சமவெளியில் குளிர்காலம் என்பது உயிர்கள் அடங்கும் பருவம் அன்று, பெருகும் பருவம். புல் முளைப்பது, புழு நெளிவது, நத்தை பெருகுவது, ஏரியில் மீன் குஞ்சு பொரிப்பது எல்லாம் இப்போதுதான். அடங்கிக் கிடக்கும் காலம் நமக்குக் கோடைதான்.

நம் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் ஒருவர், பணிக்காலத்தில் ஊர் ஊராக நடந்தபோது தொடங்கிய பழக்கமாக, பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் இன்றுவரை குறித்து வருகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. அவருடைய குளிர்காலக் குறிப்பேடுகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து ஆசிரியர்களுக்குக் காட்டினார். படம் எதுவும் இல்லை, அழகான வருணனையும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தேதியும் இடமும் இரண்டு மூன்று சொற்களும்தான். ஆனால் பல ஆண்டுப் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு வரலாறு அவற்றில் இருப்பது தெரிந்தது.

எடுத்துக்காட்டாக, சாம்பல் வாலாட்டி என்ற சிறு பறவை. அடிவயிறு மஞ்சளாக, நீண்ட வாலை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டு, ஏரியின் மிகுநீர் வழியும் கலங்கலிலும் வாய்க்கால் ஓரத்துக் கற்களிலும் இரை தேடும். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டும் இப்பறவை, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கு வருகிறது. அது முதலில் கண்ணில் பட்ட நாளை அந்த அம்மையார் ஒவ்வோர் ஆண்டும் குறித்திருக்கிறார். அது எளிது, ஏனென்றால் புதிதாக வந்தது கண்ணை உறுத்தும். கடைசியாகக் கண்ட நாளைக் குறிப்பதுதான் கடினம் என்று அவர் சொன்னார். இன்று பார்த்ததுதான் கடைசி என்பது இன்றைக்குத் தெரியாது; சில நாட்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே பறவை இருக்கும் நாளெல்லாம் எழுதியிருந்தால் மட்டுமே அது போன நாள் நமக்குக் கிடைக்கும். நேற்றும் எழுதினேன், இன்றும் அதே பறவைதானே என்று பிள்ளைகள் சலித்துக்கொள்ளும்போது, தாங்கள் இந்தக் காரணத்தை அவர்களுக்குச் சொல்லலாம்.

இந்த இடத்தில், ஆண்டுதோறும் காதில் விழும் ஒரு செய்தியைத் திருத்திக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க நம் ஏரிகளுக்கு வருகின்றன என்று பெரியவர்களே சொல்லிக் கேட்கிறோம். வேடந்தாங்கலில் நீர்நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் நம் நாட்டிலேயே வாழ்பவை. மழைக்குப் பிறகு குஞ்சுகளுக்குத் தேவையான மீனும் நத்தையும் தவளையும் தாராளமாகக் கிடைப்பதால் இந்தப் பருவத்தில் கூடு கட்டுகின்றன. வடக்கே வெகு தொலைவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் வகைகள் ஆகியவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. அவை இரை தேடி, உடம்பைத் தேற்றிக்கொண்டு, கோடை தொடங்கும்போது தம் சொந்த இடத்துக்குத் திரும்பி அங்கேதான் முட்டையிடுகின்றன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து, மங்கோலியா, திபெத் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைக் கடந்து வருவது. இவ்வகை வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியரிடம் உரிமைச் சாசனம் பெற்றார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஏரியில் பறவை குறைந்திருந்தால் உடனே பறவையே வரவில்லை என்று எழுதிவிட வேண்டாம் என்பதும் அந்த அம்மையாரின் குறிப்புகளிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது. மழை பொய்த்த ஆண்டில் பறவை குறைவது யாருக்கும் புரியும். நல்ல மழை பெய்து ஏரி கலங்கல் வழியும் ஆண்டிலும் குறையும். கரையோரம் சேறும் ஆழமற்ற நீரும் இல்லாமல் போவதால், சேற்றைக் கிளறி இரை தேடும் உள்ளான்கள் வயல்களுக்குப் போய்விடுகின்றன. சுற்று வட்டாரத்தில் எல்லாக் குளங்களும் நிரம்பியிருப்பதால் மற்றவையும் பிரிந்து பரவிவிடுகின்றன. எனவே நீர் எதுவரை நிற்கிறது என்பதையும் பறவையோடு சேர்த்து எழுத வேண்டும். மதகுப் படிக்கட்டில் எத்தனையாவது படி என்று எழுதினாலே போதும், அளவுகோல் தேவையில்லை.

பறவைகளைவிடப் பூச்சிகளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அவற்றைப் பார்க்கத் தொலைநோக்கியும் வேண்டாம், வெகுதூரம் நடக்கவும் வேண்டாம். எருக்கஞ்செடி இல்லாத தெரு நம் பகுதியில் இல்லை. அதன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டையோ புழுவோ இருக்கக்கூடும். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட அந்தப் புழுவின் முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் அது இலையைத் தின்னும் முன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதன் பிறகு தின்னத் தொடங்குவதைப் பொறுமையாக இருந்தால் பார்க்கலாம். எருக்கம்பாலின் நச்சு புழுவின் உடலில் சேர்ந்து வண்ணத்துப்பூச்சியிலும் தங்குவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதை நெருங்குவதில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் தீங்கு நேரும். ஆகவே இலையை ஒடிக்காமல், செடியோடு வைத்தே பார்க்க வேண்டும். பார்த்த பின் கையைக் கழுவ வேண்டும்.

கடந்த இரண்டு மாதங்களில் மழை விட்ட காலை நேரங்களில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒரே திசையில் பறந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை அவை. கிழக்குச் சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களில் செல்கின்றன; தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக மலையிலிருந்து சமவெளிக்கு வருகின்றன. வழியில் தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும், அதிலும் வாடிய தண்டிலும் காய்ந்த இலையிலும், அவை அடை அடையாக அப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஆண்கள். பெண் பூச்சியைக் கவரும் மணப்பொருளை உண்டாக்கத் தேவையான வேதிப்பொருளை அச்செடிகளிலிருந்து அவை உறிஞ்சுகின்றன. பூவே இல்லாத காய்ந்த செடியில் வண்ணத்துப்பூச்சிக்கு என்ன வேலை என்று ஒரு மாணவி கேட்டதற்கு எங்கள் ஆசிரியர்கள் விடை தேடிப் போய்த்தான் இதைக் கற்றார்கள். பிந்திச் செல்லும் சில இன்னும் கண்ணில் படலாம். அப்போது ஓரிடத்தில் நின்று, இரண்டு மரங்களுக்கு நடுவே கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் அதைக் கடந்தவை எத்தனை, எந்தத் திசையில் என்று எழுதினால் அது பயனுள்ள பதிவாகும்.

மழைக்காலத்தில் வயல்மேல் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானும் அப்படிப்பட்ட பயணிதான். அரைக் கிராம் எடைகூட இல்லாத அது, வடகிழக்குக் காற்றோடு இந்தியப் பெருங்கடலைக் கடந்து மாலத்தீவுகள் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது நம்மில் பலர் சிறுவயதில் செய்ததுதான். நம் பிள்ளைகளோடு அது நின்றுவிட்டால் மகிழ்ச்சி.

செடிகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் எழுதுவதைவிட ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து விடுமுறை முழுவதும் பார்ப்பது நல்லது. நாட்டுவாதுமை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். உதிரும் முன் இலை சிவக்கும் மரம் நம் தெருக்களில் அதுதான். இலவம் இலையுதிர்த்துப் பூக்கத் தயாராவதையும் பார்க்கலாம். இலை உதிர்ப்பதற்குக் குளிர் மட்டும்தான் காரணமா, மழை நின்று மண் காயத் தொடங்குவதும் காரணமா என்ற கேள்வியை ஆசிரியர்கள் வகுப்பில் எழுப்புவார்கள். வீட்டில் விடை சொல்லிவிட வேண்டாம்.

பாதுகாப்பு குறித்துச் சில கண்டிப்பான வேண்டுகோள்கள். ஏரிக்கும் குளத்துக்கும் பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இப்போது நீர் நிறைந்திருக்கிறது, கரை வழுக்குகிறது. புல் உயர்ந்து நிற்பதால் பாம்பு இருக்கும். வெறுங்காலோடு நடக்கவோ, கல்லைப் புரட்டவோ, பொந்தில் கை விடவோ கூடாது. வேலியில் செங்காந்தள் பூத்திருந்தால் பார்க்கலாம், தொடவோ பறிக்கவோ வேண்டாம். நம் மாநில மலரான அதன் எல்லாப் பகுதிகளும், முக்கியமாகக் கிழங்கும் விதையும், உயிரைப் பறிக்கும் நஞ்சு. கூட்டுக்கு அருகே சென்று கைப்பேசியில் படம் எடுப்பதை அருள்கூர்ந்து தடுத்துவிடுங்கள். தாய்ப்பறவை அஞ்சி விலகும் சிறிது நேரமே காகத்துக்குப் போதும். ஆறுமணிக்குருவி போன்ற பயணப் பறவை எதுவும் களைத்து வீட்டுக்குள் வந்து விழுந்தால், காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்திருந்து, தெளிந்ததும் மரச்செறிவுள்ள இடத்தில் விட்டுவிடலாம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளியாவிட்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். காலில் வளையம் உள்ள பறவையைக் கண்டால் வளையத்தைக் கழற்றாமல் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதி எங்களிடம் கொடுங்கள். 1883 முதல் இயங்கிவரும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு நாங்கள் அனுப்புகிறோம்.

கடைசியாக, நோட்டில் எழுதுவது பற்றி. படங்களை வாங்கி வெட்டி ஒட்டிய, பெற்றோர் இரவெல்லாம் உட்கார்ந்து அலங்கரித்த செயல்திட்டங்கள் ஆண்டுதோறும் எங்கள் அலமாரியை நிறைக்கின்றன. இந்த நோட்டு அப்படி வர வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் நிறம், அளவு, அலகின் வடிவம், வாலை எப்படி ஆட்டியது என்று எழுதினால் போதும். இணையத்தில் தேடி ஒரு பெயரைப் போட்டுவிடுவதைவிட அது எங்களுக்கு மேல். எதுவும் கண்ணில் படாத நாளில், பார்த்தேன், எதுவும் இல்லை என்று எழுதலாம். போகாத நாளில் எழுதாமல் விடலாம். தங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு செடிக்கோ பறவைக்கோ வழங்கும் பெயர் இருந்தால் அதை அவர்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள்.

பள்ளி திறந்த முதல் நாளே நோட்டுகளை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த வார வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்த அம்மையார் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றைப் படிப்பார். மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் அவரோடு நடக்க விரும்பும் பெற்றோர்கள், தம் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அனுப்பினால் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும். வெளிர் நிற ஆடையைத் தவிர்த்து, மூடிய காலணி அணிந்து வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்