கேளிக்கைப் பூங்காவுக்குத் தம்பதியரும் வருவார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தீம் பார்க் விளம்பரங்கள் நாளிதழ்களிலும் பேருந்துகளின் பின்புறத்திலும் வரத் தொடங்கிவிடுகின்றன. நீர்ச்சறுக்கில் இறங்கும் சிறுவர்களையும் கைதூக்கிக் கூவும் கல்லூரி மாணவர்களையும் அவற்றில் காண்கிறோமே தவிர, ஐம்பதைக் கடந்த ஒரு கணவனையும் மனைவியையும் நான் கண்டதில்லை. அந்த இடங்கள் பிள்ளைகளுக்கானவை, பெரியவர்கள் உடன் சென்று பையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் என்ற எண்ணம் பூங்கா நடத்துகிறவர்களிடம் மட்டுமல்லாமல், நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் குடும்பங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. இது மாற வேண்டும் என்பதையும், மாறுவதற்குப் பூங்காக்கள் செய்ய வேண்டியவை சில உண்டு என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் குடியாத்தம் வட்டாரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பள்ளிச் சுற்றுலா என்றால் விடியுமுன் பேருந்து கிளம்பும், நள்ளிரவில் ஊர் திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் ஆசிரியைகளின் வேலை தலைகளை எண்ணுவதும், ஈரத் துணிகளை மூட்டை கட்டுவதும், காணாமற்போன செருப்பைத் தேடுவதும், வாந்தி எடுத்த பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதும்தான். சென்னைக்கு அருகில் உள்ள பூங்காக்கள் பலவற்றுக்கு அப்படிச் சென்றிருந்தும், அவற்றில் ஒன்றையாவது நான் அனுபவித்தேன் என்று சொல்ல இயலாது. ஓய்வுக்குப் பிறகு, பள்ளிகள் திறந்து கூட்டம் அடங்கியிருந்த ஒரு வார நாளில், நானும் என் கணவரும் மட்டும் தங்கும் விடுதியோடு கூடிய ஒரு பூங்காவுக்குச் சென்று வந்தோம். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

நுழைவாயிலில் சீட்டைச் சரிபார்த்த இளம்பெண், “பிள்ளைங்க பின்னால வர்றாங்களாம்மா?” என்று கேட்டாள். “நாங்க ரெண்டு பேர்தாம்மா” என்று என் கணவர் சொன்னதும் அவள் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு மனமாரச் சிரித்து வழிவிட்டாள். அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் உறவினர்களே அதே கேள்வியைப் பலமுறை கேட்டார்கள். பேரப் பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்றார்கள்.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முந்தைய நாள் மாலையே விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் காலையில் பயணக் களைப்பு இல்லை. நிதானமாகச் சிற்றுண்டி முடித்து, பூங்கா திறந்த சற்று நேரத்தில் உள்ளே நுழைந்தோம். அந்த வேளையில் எல்லோரும் பெரிய ரோலர் கோஸ்டரை நோக்கி ஓடுவார்கள் என்பது சுற்றுலா அழைத்துச் சென்ற அனுபவத்தில் எனக்குத் தெரியும். நாங்கள் எதிர்த்திசையில் நடந்து, லேஸி ரிவர் என்று அவர்கள் அழைக்கும் வளைந்த வாய்க்காலுக்குப் போனோம். ஆழம் அதிகமில்லாத அந்த வாய்க்காலில் பம்புகள் நீரை மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்க, காற்றடைத்த டியூபில் சாய்ந்து அமர்ந்தால் போதும், அதுவே நம்மைச் சுமந்து ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். பாலாற்றில் நீர் ஓடுவதையே செய்தியாகப் படிக்கும் ஊரில் வாழ்கிற எங்களுக்கு, ஓடும் நீரின் மேல் ஒன்றும் செய்யாமல் மிதப்பது எத்தனை பெரிய சுகம் என்பதை விளக்கத் தேவையில்லை. வையைப் புதுப்புனலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நீராடியதைச் சங்கப் பாடல்கள் விரித்துப் பேசுகின்றன. வகுப்பறையில் அதை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன்.

வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி, மதிய உணவு முடித்து, உறங்கினோம். விடுதியோடு கூடிய பூங்காவின் உண்மையான பயன் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்தில், கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் நம்மை வரிசையிலிருந்து வரிசைக்கு விரட்டுகிறது. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கும் அந்த நேரமே பெரியவர்களின் உடலை அடித்துப் போட்டுவிடுகிறது. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பழகியவர்களுக்கும் அது கடினம்தான். அறை அருகிலேயே இருந்தால் அந்த மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மீண்டும் புத்துணர்வோடு உள்ளே போகலாம். ஆனால் பல பூங்காக்களில் ஒருமுறை வெளியேறினால் மறுபடி நுழைய அனுமதி கிடையாது என்பதால், இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மாலையில் அலைக்குளம். ஆழமான முனையில் சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளில் காற்றை அழுத்தி விடுவதால் அலை எழுகிறது. சில நிமிடங்கள் இயக்கிவிட்டு நிறுத்தி வைப்பார்கள், மறுபடி தொடங்குமுன் ஒலி எழுப்புவார்கள். ஆழமற்ற கரையில் அமர்ந்தபடி, அடுத்த அலை எப்போது வரும் என்று காத்திருந்து, நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் எங்கள் பேச்சு மகளின் வேலை, மகனின் வீட்டுக் கடன், மருந்துக் கடைச் சீட்டு, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்பதைத் தாண்டுவதில்லை. அன்று அவர் தம் சிறுவயதில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ராட்டினம் ஏறிய கதையையும், திருமணமான புதிதில் அதே திருவிழாவுக்கு என்னை அழைத்துப் போய்க் கூட்டத்தில் தவறவிட்டுத் தேடியலைந்ததையும் சொன்னார். நான் மறந்தே போயிருந்த செய்தி அது. இருவராகவே நாங்கள் வெளியூர் சென்றிருந்த பயணங்கள் பெரும்பாலும் கோயிலுக்கோ, மருத்துவமனைக்கோ, துக்கத்துக்கோ அமைந்தவைதாம். எங்களுக்காக மட்டும் என்று ஒரு நாளை ஒதுக்க முடியும் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை. நம் பகுதியில் எங்களைப் போன்றவர்கள்தாம் அதிகம் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட இடங்கள் முதலில் உருவானபோது பெரியவர்களை மனத்தில் வைத்துத்தான் உருவாயின என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கோபன்ஹேகனில் 1843-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிவோலி பூங்கா, தோட்டமும் இசையும் விளக்கொளியும் கலந்த, நகர மக்கள் மாலையில் உலாவும் இடமாகவே பெயர் பெற்றது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி, தம் மகள்கள் குடைராட்டினத்தில் சுற்றுவதைப் பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று எண்ணியதிலிருந்துதான் 1955-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று தொடங்கிய டிஸ்னிலேண்டின் கதை ஆரம்பிக்கிறது என்று அவரே கூறியிருக்கிறார். 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் புளோரிடாவில் இரண்டாவது பூங்கா திறக்கப்பட்டபோது தங்கும் விடுதிகளும் அதனுடனேயே திறக்கப்பட்டன. பெஞ்சில் தனித்து உட்கார்ந்திருந்த பெரியவரின் குறையைப் போக்கப் பிறந்த ஏற்பாடு நம் ஊருக்கு வரும்போது, பெரியவருக்கு அந்த பெஞ்சையும் இல்லாமல் செய்துவிட்டது. பெரும்பாலான பூங்காக்களில் ரைடுகளுக்கு நடுவே நிழலில் உட்கார இடம் தேடினால், உணவகத்தில் ஏதாவது வாங்கியாக வேண்டியிருக்கிறது. மரநிழலில் சாய்வுள்ள இருக்கைகள் போடுவதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாது.

உடை குறித்துச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நம் பெண்களில் பலரைக் குளக்கரையிலேயே உட்கார வைப்பது அதுதான். நீர் விளையாட்டுகளில் புடவை, சுடிதார், பருத்தித் துணி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. இந்த விதியில் நியாயம் இருக்கிறது: பருத்தி நூலிழைகள் நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியை அடைக்கும், நனைந்த துணி கனத்து நீந்த விடாது, முந்தானையும் துப்பட்டாவும் சறுக்குமரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடலாம். ஆனால் இதை நுழைவாயிலுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான பெண்கள் அறிகிறார்கள். அங்கே உள்ள கடையில் இளம்பெண்களின் அளவுக்கே உடைகள் இருக்கின்றன, விலையும் கூடுதல். அறுபது வயதுப் பெண்மணி கூச்சமின்றி அணியக்கூடிய, முழங்காலுக்குக் கீழே இறங்கும், முழுக்கை வைத்த நைலான் உடை எல்லா அளவுகளிலும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். நகைகளைக் கழற்றச் சொல்வதும் பாதுகாப்புக்காகத்தான். என்றாலும் தாலிச் சரட்டைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அதை உடைக்குள் எப்படிப் பத்திரப்படுத்துவது, எந்த ரைடில் அதற்கும் அனுமதி இல்லை என்பதைப் பெண் பணியாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினால், தயங்கி ஒதுங்குகிற பலர் நீரில் இறங்குவார்கள். நான் ஊரிலேயே விசாரித்து உடை வாங்கிச் சென்றதால்தான் அன்றைய நாள் எனக்குக் கிடைத்தது. சீட்டு வாங்கும் இணையதளத்திலும் சீட்டிலும் இந்த விதிகளைத் தமிழில், படத்தோடு அச்சிட்டுத் தர வேண்டும்.

கட்டணம் பற்றியும் ஒரு வேண்டுகோள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்கள் ஏறக் கூடாது என்ற பலகை பெரிய ரைடுகள் எல்லாவற்றின் முன்னும் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். என் கணவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை, அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் எல்லா ரைடுகளுக்கும் சேர்த்து ஒரே நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையில், ஏறவே முடியாதவரும் முழுத் தொகை செலுத்துகிறார். சில பூங்காக்களில் மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அந்த வயதை எட்டாத நோயாளிக்கு அதுவும் இல்லை. குளம், வாய்க்கால், தோட்டம், நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு மட்டுமான ஒரு சீட்டை வார நாட்களிலாவது குறைந்த விலையில் கொடுத்தால், காலியாகக் கிடக்கும் நாட்களில் அவர்களுக்கும் வருமானம் கிடைக்கும். நுழைவுக் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி 2017-இல் 28 விழுக்காடாக இருந்து 2018 ஜனவரியில் 18 விழுக்காடாகக் குறைந்தது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள விடுதி அறைகளுக்கான வரி 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 விழுக்காடானது. அறைக்குக் காட்டிய கருணையை நுழைவுச் சீட்டுக்கும் அரசு காட்டலாம்.

எல்லோராலும் விடுதி எடுத்துத் தங்க முடியாது என்பதை அறிவேன். தோல் தொழிற்சாலையிலும் பீடி சுற்றியும் கைத்தறியிலும் உழைத்து ஓய்ந்த தம்பதியருக்கு நம் பகுதியிலேயே இத்தகைய ஒரு நாள் அமைய வழி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலகிரிக்கு ஏறினால் புங்கனூர் ஏரியும் படகுத் துறையும் இருக்கின்றன. ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. வேலூர்க் கோட்டையின் அகழியைச் சுற்றிலும் மாலையில் நடக்க இடம் இருக்கிறது. இவற்றில் குறையாக இருப்பவை தூய்மையான கழிப்பறை, குடிநீர், நிழலில் இருக்கை, திரும்பி வரப் பேருந்து ஆகிய நான்கும்தான். குறிப்பாக ஏலகிரிக்கும் அமிர்திக்கும் காலையில் வேலூரிலிருந்து கிளம்பி மாலை ஐந்து மணிக்குப் பிறகு திரும்பும் வகையில், வார நாட்களில் ஒரு சுற்றுலாப் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்கலாம். முன்பதிவை வேலூர் புதிய பேருந்து நிலையத்திலும் குடியாத்தத்திலும் வைத்தால், இணையம் அறியாத பெரியவர்களும் நேரில் வந்து இடம் பிடிப்பார்கள்.

பெரிய பூங்காவுக்கே செல்ல நினைக்கும் தம்பதியர், பள்ளி விடுமுறையையும் பள்ளிச் சுற்றுலாக்கள் நெருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களையும் தவிர்த்து, ஜூலை அல்லது ஆகஸ்டில் செவ்வாய், புதன் போன்ற ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மருந்துகளையும் மாற்றுடையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேரப் பிள்ளைகளை இன்னொரு முறை அழைத்துப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.