மகளின் பசியைப் பார்க்கப் பழக்கியவர்களுக்கு நன்றி

மகள் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்து, அவளைத் திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் கொண்டுபோய் வந்துவிட்டோம். இனி மனிதர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி.

முதலில் எங்கள் உவர்மலைப் பகுதிக் குடும்பநல மாது. வீட்டுக்கு வந்தவர், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் இருந்துகொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி, பார்ப்பம்" என்றார். மூடிய இமைக்குள் கண்மணி ஓடியது. உதட்டை நக்கினாள். பொத்திய கை வாய்க்குப் போனது. பிறகு வாயைத் திறந்தபடி தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். "இப்ப தூக்குங்கோ. பிள்ளை கேட்டு முடிஞ்சுது. அழுறது கடைசியிலதான்." வீரிட்டு அழும் பிள்ளையின் நாக்கு மேலே எழும்பி நிற்கும், மார்பைச் சரியாகப் பிடிக்காது, அந்த நேரம் நெஞ்சோடு தோல்படப் போட்டு ஆற்றிவிட்டுத்தான் கொடுக்க வேணும் என்று செய்தும் காட்டினார். நாளுக்கு 8 தொடக்கம் 12 தரம் கேட்பது பச்சைப்பிள்ளைக்கு வழமைதானாம்.

வார்டில் பக்கத்துக் கட்டில் கிண்ணியா ராத்தா! "காம்ப மட்டும் குடுக்காதீங்க தங்கச்சி, சுத்திவர இருக்கிற கறுப்பையும் சேத்துக் குடுங்க" என்று நாடியைப் பிடித்து வாயை அகலத் திறக்க வைத்தது நீங்கள்தான். வலி அன்றைக்கே குறைந்தது.

பின்நேரம் விளக்கு வைக்கிற நேரம் தொடங்கினால் மகள் விடாமல் கேட்பாள். "பால் காணாது, மாப்பால் கரையுங்கோ" என்றவர்களும் உண்டு, பெயர் வேண்டாம். "பால் காணாதெண்டால் இவ்வளவு துணி நனையுமோ?" என்று கேட்டு வாயை அடைத்தவர் மாமி. முதல் கிழமைக்குப் பிறகு நாளுக்கு ஆறு தரத்துக்குக் குறையாமல் சலம் போனால் பால் காணும். துவைத்தவருக்குத்தானே கணக்குத் தெரியும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும் என்றாலும், பால் சுரக்கட்டும் என்று மாமி வைத்துத் தந்த சுறா வறையை நான் விடவில்லை.

வயிறு நிரம்பினால் பொத்திய கை தானாக விரிவதைக் கவனித்தது மகளின் அப்பா. சாமத்தில் "கை விரிஞ்சிட்டுது, காணும்" என்று வாங்கித் தோளில் போடுவார்.

கடைசியாக, கிளினிக் போகும் வழியில் பிள்ளை கையைச் சூப்பத் தொடங்க, உட்துறைமுக வீதி நிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அங்கால் போய் நின்ற தம்பிக்கு. காத்து நின்றதற்குக் காசும் வாங்கவில்லை. இதைக் கண்டால் ஒருக்கால் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கோ.